42 டிகிரி அடித்தும் வேலூரில் ‘வெப்ப அலை’ இல்லை என்பது எப்படி?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் “வேலூரில் 107 டிகிரி” என்ற செய்தி தினமும் வரும். அதே நாளின் வானிலை அறிக்கையில் ‘வெப்ப அலை’ என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. இயல்பைவிட 2 அல்லது 3 டிகிரி கூடுதல் என்று மட்டும் இருக்கும். இதற்கிடையே 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அப்படியானால் காட்பாடியில் சாரத்தின் மேல் மயங்கி விழும் கொத்தனாருக்கு அது பொருந்துமா? குடியாத்தத்தில் தகர ஷீட்டுக்குக் கீழே பீடி சுற்றும் பெண்ணுக்கு?

பழைய வட ஆர்க்காட்டின் பாலாற்றங்கரை ஊர்களில் இந்தக் கேள்வி ஒவ்வொரு சித்திரையிலும் எழுகிறது. விடை தெரிய, அந்த எண் எப்படி எடுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செய்தியில் வரும் எண் எது?

அது நிழலின் வெப்பநிலை. வெள்ளை அடித்த, பக்கங்களில் சாய்வுச் சட்டங்கள் வைத்த மரப்பெட்டிக்குள், ஏறக்குறைய ஓர் ஆளின் மார்பு உயரத்தில், காற்றோட்டத்தில் இருக்கும் வெப்பமானி காட்டுவது. வெயில் நேராகப் படும் உடம்போ, தார் ரோடோ, தகரமோ அந்தக் கணக்கில் இல்லை. வானிலைக் கணிப்புக்கு இதுதான் சரியான முறை; உலகம் முழுக்க இப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் அந்த 42 டிகிரி, அன்று வெயிலில் நின்றவர் பட்டது எவ்வளவு என்பதைச் சொல்லாது.

இன்னொரு சிறு குழப்பம் அலகு. நம் பத்திரிகைகள் பாரன்ஹீட்டில் எழுதுகின்றன, எச்சரிக்கை விதிகள் செல்சியஸில் இருக்கின்றன. ‘சதம்’ என்பது 100 பாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ். 104 என்றால் 40. 107.6 என்றால் 42.

‘வெப்ப அலை’ எப்போது அறிவிக்கப்படும்?

சமவெளிப் பகுதிக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் அளவுகோல் இது:

1. அன்றைய அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி இருக்க வேண்டும்.
2. அது அந்த ஊரின் அந்தக் காலத்து இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடுதலாக இருந்தால் வெப்ப அலை, 6.4ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை.
3. இயல்பு எதுவாக இருந்தாலும் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை. 47ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை.
4. ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இந்த நிலை இருக்க வேண்டும். இரண்டாம் நாளில்தான் அறிவிப்பு வரும். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே உட்கோட்டம்.

இப்போது கணக்குப் போடுங்கள். மே மாதத்தில் ஓர் ஊரின் இயல்பே 39 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அங்கே வெப்ப அலைக்கு 43.5 வேண்டும். 42 அடித்தால் அது இயல்பைவிட 3 டிகிரி கூடுதல் மட்டுமே. இயல்பு 36ஆக உள்ள ஊருக்கு 40.5 போதும். அதாவது, எப்போதும் சுடும் ஊர் அறிவிப்புக்குள் வருவதற்கு இன்னும் அதிகம் சுட வேண்டும். வேலூரின் நிலைமை இதுதான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘இயல்பு’ என்பது 30 ஆண்டுச் சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரையிலான ஆண்டுகள். பத்தாண்டுக்கு ஒருமுறை இந்தச் சாளரம் முன்னே நகரும். பூமி சூடாக ஆக அந்த இயல்பும் மேலேறும், அதோடு சேர்ந்து அறிவிப்புக்கான வாசலும் உயரும். முன்பு அசாதாரணமாக இருந்த வெயில் நாளை சாதாரணக் கணக்கில் சேர்ந்துவிடும்.

வெயிலுக்குப் பழகிய ஊர்க்காரர் உடம்பு கூடுதல் சூட்டைத் தாங்கும் என்பதுதான் இந்த விதிக்குப் பின்னால் உள்ள நியாயம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘பழகுவது’ என்பதில் பாதி உடம்பு, மீதிப் பாதி காசு: நல்ல தளம், மின்விசிறி, குடிநீர், நடுப்பகலில் வேலையை நிறுத்தி உட்கார முடிகிற வருமானம். அந்த மீதிப் பாதி எல்லோரிடமும் இல்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

வேலூர் ஏன் இப்படிச் சுடுகிறது?

கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருப்பதால் சென்னையைக் குளிர்விக்கும் கடற்காற்று இங்கே வர இரவாகிவிடும், பல நாள் வராமலே போகும். சுற்றிலும் மரம் குறைந்த பாறை மலைகள். பகலில் வாங்கிய சூட்டை அவை சாயங்காலம் திருப்பிக் கொடுக்கின்றன. “தண்ணீர் இல்லாத ஆறு” என்று ஊரார் சொல்லும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். ஆற்றிலும் ஏரியிலும் நீர் இருந்தால் வெயிலின் ஒரு பங்கு அதை ஆவியாக்கச் செலவாகும். இல்லாதபோது அத்தனையும் மண்ணையும் காற்றையும் சூடாக்கப் போகிறது.

இந்த உள்ளூர்க் காரணங்கள் பழையவை. இவற்றின் மேல் புவி வெப்பமயமாதல் ஏறுகிறது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018க்குள் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. கேட்பதற்குச் சின்ன எண். சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும், விளிம்பில் இருக்கும் மிகக் கடுமையான நாட்களின் எண்ணிக்கை பல மடங்காகும் என்பதால்தான் அது பெரிய விஷயம். தவிர, காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த நீராவி உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

வியர்வையின் கணக்கு

மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலத்தான் உடம்பும் குளிர்கிறது: நீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். வழிந்து கீழே சொட்டும் வியர்வையால் பயனில்லை, ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது நடக்காது.

இந்த இரண்டையும், சூட்டையும் ஈரத்தையும், சேர்த்துச் சொல்லும் அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றுப் பட வைத்தால் அது காட்டும் எண். இரண்டு நாட்களை ஒப்பிடுவோம்:

1. 41 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம்: ஈரக்குமிழ் சுமார் 26.7.
2. 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்: ஈரக்குமிழ் சுமார் 29.4.

செய்தியில் முதல் நாள்தான் வரும். உடம்புக்கு மோசமானது இரண்டாவது. ஈரக்குமிழ் 35ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது பழைய மதிப்பீடு. இளைஞர்களை வைத்துப் பின்னால் நடந்த ஆய்வகச் சோதனைகளில், ஈரமான சூழலில் ஈரக்குமிழ் 30, 31 டிகிரியிலேயே உடல் சூடு கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கியது.

ஆகவே தொட்டியும் டிரம்மும் தண்ணீருமாக இருக்கும் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை), நெல் அவிக்கும் ரைஸ் மில், ஓட்டல் அடுக்களை போன்ற இடங்களில் வெளியே 36 டிகிரி என்பது உள்ளே ஆபத்தான நாளாக இருக்கும். அதற்கு ‘வெப்ப அலை’ எச்சரிக்கை வராது.

ஒரே வெயில், வேறு வேறு சூடு

கூரை. நடுப்பகலில் தகர ஷீட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அது அடியிலிருக்கும் காற்றைச் சூடாக்குவதோடு, அனலாக நேரே கீழே கதிர்வீசுகிறது. தலைக்கு மேல் ஏழெட்டு அடியில் அடுப்பு மூட்டியிருப்பதற்குச் சமம். சிமெண்ட் ஷீட் சற்றுத் தேவலாம், அவ்வளவுதான். கான்கிரீட் தளம் சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடும். அதனால் உள்ளே உச்சச் சூடு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போய் இரவில் புழுங்கும். ஆனால் தளம் இருப்பவருக்கு மொட்டை மாடி இருக்கிறது. தண்ணீர் தெளித்துப் பாய் விரித்துப் படுக்கலாம். ஷீட் வீட்டில் மாடி ஏது? ஆண்கள் தெருவிலோ கோயில் திண்ணையிலோ படுத்துவிடுகிறார்கள். பெண்களும் வயதுப் பெண் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறார்கள். இரவில் உடம்பு ஆறவில்லை என்றால் மறுநாள் வெயில், பாதி களைத்த உடம்பின் மேல் விழும்.

கூலி முறை. இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. மாதச் சம்பளக்காரர் மெதுவாக வேலை செய்தால் சம்பளம் குறையாது. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு, ஊதுபத்திக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு, செங்கல்லுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றால், வெயிலில் கை தளரும் ஒவ்வொரு மணியும் நேரே கூலியில் விழும்.

பீடி சுற்றும் பெண்ணின் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது புரியும். மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், ஈரத்துணியில் சுற்றிய இலை, கத்தரி, நூல். மின்விசிறி போட்டால் தூள் பறக்கும். இலை காய்ந்து மடிக்கும்போது உடையும். உடைந்த இலைக்கும் கழித்த பீடிக்கும் பொறுப்பு அவருடையது. ஆகவே வீட்டில் விசிறி இருக்கும், மின்சாரம் இருக்கும், 40 டிகிரியில் அது அணைந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் அவரைக் குளிர்விக்கப் பயன்படவில்லை. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று இந்த வேலை வீடுகளுக்குள்தான் நடக்கிறது. வீடு தொழிற்சாலை விதிகளுக்குள் வராது, எந்த ஆய்வாளரும் வெப்பநிலை பார்க்க வரமாட்டார்.

செங்கல் சூளையில் இது இன்னும் கொடுமை. கல் அறுக்கும் காலம் தை முதல் ஆனி வரை, அதாவது சரியாக வெயில் காலம். முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வந்தவர்கள், அவர்களில் இருளர் குடும்பங்கள் பல, அந்தக் கணக்கைத் தீர்க்கும்வரை சூளையை விட்டு நகர முடியாது. வெயிலில் அறுத்துக் காயப்போட்ட பச்சைக் கல் மேல் கோடை மழை கொட்டினால் அத்தனையும் கரைந்து மண்ணாகும். கரைந்த கல்லுக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. காலம் தப்பிய மழை கூடக் கூட அந்த நட்டம் முன்பணக் கடனில் போய்ச் சேர்கிறது. பருவநிலை மாற்றம் கொத்தடிமை முறைக்கு எண்ணெய் ஊற்றும் வழி இது. வானிலை நட்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு இன்றுள்ள பதில், ஏற்கெனவே கடனில் இருப்பவர் தலையில் என்பதே. இதை மாற்றச் சட்டம் போதாது என்று சொல்ல முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லிருந்தே இருக்கிறது.

தண்ணீர். வெயிலில் கடின வேலை செய்பவருக்கு 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், சுமார் 250 மில்லி வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டர், எட்டு மணி நேரத்துக்கு 6 லிட்டர். வீட்டில் இருவர் வேலைக்குப் போனால் 12 லிட்டர். 20 லிட்டர் கேனில் பாதிக்கு மேல் அதிலேயே தீரும். பாலாற்றுப் படுகையின் பல ஊர்களில் கிணற்று நீர் தோல் ஆலைக் கழிவால் கெட்டது. “மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்” என்ற கொள்கையை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த மாவட்ட வழக்கில்தான் உறுதி செய்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கேன் வாங்குவது இங்கே பல குடும்பங்களுக்குக் கட்டாயச் செலவு. ஷூ கம்பெனிப் பெண்களுக்கு வேறொரு தடை: கழிவறைக்கு எழுந்து போவது எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லும் அங்கிருந்து தொடங்குகின்றன.

உடல்நிலை. முதியவர், கைக்குழந்தை, சர்க்கரைக்காரர், நீர் மாத்திரை எடுப்பவர் ஆகியோரின் உடம்பு சீக்கிரம் தளரும். கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, 2024இல் வெளியான ஓர் ஆய்வில், சூடான இடத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவோ குழந்தை இறந்து பிறப்பதோ நேரும் அபாயம் இரு மடங்கு என்று தெரிந்தது. சித்தாள் வேலைக்கும் வயலுக்கும் மாதக்கணக்கில் வயிற்றைச் சுமந்து போகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியும்.

நாடு முழுக்கப் பார்த்தால், 2030இல் வெயிலால் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம், அதாவது 3.4 கோடி முழுநேர வேலைக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தது. அந்த இழப்பின் பெரும்பகுதி விவசாயத்திலும் கட்டுமானத்திலும்தான்.

இந்தச் சூட்டுக்கு யார் காரணம்?

நிலக்கரி மின்சாரம் கலந்த நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடிக்கும் வீடு ஆண்டுக்கு 600 யூனிட், அதாவது 420 கிலோ. மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. இந்தியரின் சராசரி எல்லா வகையிலும் சேர்த்து ஆளுக்குச் சுமார் 2 டன்; அமெரிக்கரின் சராசரி சுமார் 14 டன். அதிகம் சுடப்படுபவர்கள்தான் இந்தச் சூட்டுக்கு மிகக் குறைந்த காரணம்.

இப்போதே செய்யக்கூடியவை

கூரைக்கு வெள்ளை அடிப்பதுதான் செலவு குறைந்த முதல் வேலை. சரியாகச் செய்தால் உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறையும். ஆனால் அவசரமாகச் செய்து வீணாவதும் அதிகம்.

1. மாசி, பங்குனியில் முடித்துவிட வேண்டும். தளத்தில் பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, கழுவிக் காயவிடுங்கள்.
2. சுண்ணாம்பை இரவே ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குப் பசை கலக்கவும். சாயங்காலம் தளத்தை நனைத்துவிட்டு மெல்லிய முதல் பூச்சு. மறுநாள் குறுக்குவாட்டில் இரண்டாவது. நடுப்பகல் தளத்தில் அடித்தால் உடனே உலர்ந்து பொடியாக உதிரும்.
3. தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.
4. பழைய சிமெண்ட் ஷீட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். உலர வைத்துத் தேய்க்கவே கூடாது. நனைத்து, மென்மையான தூரிகையால் துடைக்கவும். ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து விழுவீர்கள். அடியிலுள்ள தாங்கு கம்பிகளுக்கு மேல் பலகை போட்டு அதில் நிற்கவும்.
5. தூசி படிந்த வெள்ளை பாதி பலனைத்தான் தரும். கத்திரிக்கு முன் ஒருமுறை கழுவுங்கள்.

ஷீட்டின் மேல் கீற்று வேய்வது இதைவிட நன்றாகக் குளிர்விக்கும். தீ அபாயமும் ஆண்டுதோறும் மாற்றும் செலவும் உண்டு. வாடகை வீடாக இருந்தால் இந்த வேலை வீட்டுக்காரர் சம்மதத்தில் நிற்கும். அதனால்தான் தொகுப்பு வீடுகளுக்கும் வாடகை ஷீட் வரிசைகளுக்கும் உள்ளாட்சியே மொத்தமாக அடித்துக் கொடுக்க வேண்டும்.

வேலையிடத்தில் முக்கியமானது புது ஆளைப் பழக்குவது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினம் அதே அளவு கூட்டி, ஐந்தாம் நாளில் முழு வேலை. வெயில் மரணங்கள் பல முதல் சில நாட்களிலேயே நேர்கின்றன. விடுமுறை முடிந்து திரும்பியவரையும் மெல்லத்தான் பழக்க வேண்டும், ஆனால் அவர் புது ஆளைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார். காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிக்கும் நேர மாற்றம் உதவும். ஆனால் கூலியைக் குறைக்காமல் மாற்றினால்தான் ஆட்கள் ஏற்பார்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து.

ஒருவர் விழுந்துவிட்டால்

பேச்சு குழறுவது, தள்ளாடுவது, இடம் தெரியாமல் பேசுவது ஆகியவை வெப்பத்தாக்கின் அடையாளங்கள். “வியர்க்கிறது, அதனால் பயமில்லை” என்பது தவறு. வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வியர்த்துக்கொண்டே வெப்பத்தாக்கு வரும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

4 லட்சம் யாருக்குக் கிடைக்கும்?

2024இல் தமிழகம் அறிவித்தபோது தேசியப் பேரிடர் பட்டியலில் குளிர் அலை இருந்தது, வெப்ப அலை இல்லை. மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை மாநிலம் தானே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்ற விதியில்தான் இந்த நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வெப்பத்தால் இறந்தார் என்று நிறுவத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்லும் சான்றுகள் நான்கு:

1. அந்த இடத்தில், அந்த நேரத்தில் பதிவான அதிகபட்ச வெப்பநிலை.
2. சம்பவப் பதிவு, பஞ்சநாமா (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் அறிக்கை), சாட்சிகள் அல்லது குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிய வாய்வழி விவரம்.
3. காரணம் குறிப்பிட்ட பிரேதப் பரிசோதனை அல்லது மருத்துவ அறிக்கை.
4. உள்ளூர் அதிகாரி அல்லது உள்ளாட்சியின் விசாரணை அறிக்கை.

பெரும்பாலான குடும்பங்கள் மூன்றாவதில் தடுக்கி விழுகின்றன. மருத்துவமனைக்கு வந்தவுடன் உடல் சூட்டை அளந்து எழுதவில்லை என்றால், சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றே வரும். வெயிலால் இதயம் நின்றாலும் அதே சொல்தான். ஆகவே உடன் போகிறவர் வெப்பநிலையை அளந்து சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த வேலையில், எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிப் பதிய வைக்க வேண்டும்.

வீட்டிலேயே இறந்தவர் விஷயத்தில் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டால் பிறகு நிறுவ வழி மிகவும் குறைவு. அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைக்க வேண்டும். பீடி, ஊதுபத்தி வேலை செய்பவரானால் நல வாரிய அட்டையையும், கடைசியாகக் கணக்குப் போட்ட பாஸ்புக்கையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். வீடுதான் அவருடைய வேலையிடம் என்பதற்குக் கையில் இருக்கும் தாள்கள் அவைதான்.